காது கொடுக்கக் கற்றுத்தந்த பத்திரிகைகள்

கேள்வி: எனக்கு 63 வயது. இருபது வயதிலிருந்து மோட்டார் சைக்கிள் பத்திரிகைகளைச் சேர்த்து வருகிறேன். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பணி ஓய்வுக்குப் பிறகு, அந்தக் காலத்து இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் உட்கார்ந்து சரிசெய்தேன். விளம்பரப் பக்கத்தில் பார்த்து ஏங்கிய, வாய் விரிந்த மெகாஃபோன் சைலன்சரையே தேடிப் பிடித்து, உள்ளே சத்தத்தை அடக்கும் தடுப்பான பேஃபிள் இல்லாமல் மாட்டினேன். காலை ஆறு மணிக்கு வண்டியை எடுப்பது வழக்கம். மகளும் கைக்குழந்தையும் இப்போது எங்களோடு இருக்கிறார்கள். போன வாரம் மகள், "அப்பா, இது உங்களுக்கு மட்டும்தான் பாட்டு, எங்களுக்கு இரைச்சல்" என்றாள். எதிர் வீட்டுக்காரர் பேசுவதையே நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. உலகம் மாறிவிட்டதா, நான்தான் மாறாமல் நிற்கிறேனா?

பதில்:

பெட்டியை எடைக்குப் போடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனம் நொந்த நேரத்தில் தூக்கிப் போட்ட பொருளை நினைத்துப் பல வருடம் கழித்து வருந்துகிறவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன.

மகள் சொன்னது சைலன்சரைப் பற்றி. நீங்கள் அதைப் பெட்டிக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டீர்கள். நாற்பது வருட ஆசை முழுவதையும் அவள் இரைச்சல் என்று சொன்னது போல வலித்திருக்கிறது. அந்த வலி எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அந்தப் பத்திரிகைகள் எனக்கும் பழக்கம்.

பதினைந்து வயதில் என் மாமா ஒரு கட்டு கொடுத்தார். நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, அந்தத் துரு இரண்டு பக்கமும் பழுப்பாக இறங்கியிருக்கும். சோதனை ஓட்டக் கட்டுரையின் கடைசியில் வரும் அட்டவணையில் யாரோ கிரீஸ் கையோடு புரட்டிய பெருவிரல் ரேகை இருந்தது. சிலிண்டரின் விட்டம் (போர்), பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்), எடை, கால் மைல் ஓட எடுத்த நொடிகள் என்று எல்லா எண்களும் எனக்கு மனப்பாடம். வண்டி வாங்க வழியே இல்லாத வயது அது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு படிப்பேன். ஓசையே இல்லாத அந்த அறையில்தான் அத்தனை இன்ஜின்களும் எனக்குக் கேட்டன. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பத்திரிகைகளை நடத்தியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அமெரிக்காவில் 1950 முதல் 1991 வரை வந்த 'சைக்கிள்' என்ற மோட்டார் சைக்கிள் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆசிரியர் குக் நீல்சனும் சக ஆசிரியர் ஃபில் ஷில்லிங்கும் சேர்ந்து ஒரு டுகாட்டி வண்டியைத் தங்கள் கையாலேயே தயார் செய்தார்கள். 1977-இல் டேடோனா சூப்பர்பைக் பந்தயத்தில் நீல்சனே அதை ஓட்டி ஜெயித்தார். எழுதுகிறவர்களே ஸ்பேனர் பிடித்தவர்கள், ஓட்டியவர்கள். அதனால்தான் அவர்கள் எழுத்தை நம்பி நாம் வளர்ந்தோம்.

இப்போது அவர்கள் நமக்கு என்ன கற்றுக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வால்வைத் தள்ளும் டேப்பெட் தளர்ந்தால் 'டிக் டிக்' என்று சொல்லும். பெட்ரோலைப் பற்றவைக்கும் நேரம் (இக்னிஷன் டைமிங்) முந்திப்போனால், மேட்டில் ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது சில்லறை குலுங்குவது போல ஒரு சத்தம் வரும். பிஸ்டன் தண்டின் அடிமுனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் தேய ஆரம்பித்தால் அடியிலிருந்து கனமாகத் தட்டும். பெரிய சத்தத்துக்கு நடுவே சின்னச் சத்தத்தைப் பிரித்துக் கேட்கும் காது நமக்கு வந்ததே அந்த மெக்கானிக் பக்கங்களால்தான். பேஃபிள் இல்லாத மெகாஃபோன் இந்தச் சின்னச் சத்தங்கள் எல்லாவற்றையும் மூடிவிடும். இரண்டு வருடம் உழைத்து எழுப்பிய இன்ஜின் உங்களிடம் ஏதாவது சொல்ல வந்தால், இன்றைக்கு அது உங்கள் காதில் விழாது. இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. மெகாஃபோன் பந்தயத்துக்குப் பிறந்த பொருள். புகை வெளியேறும்போது எழும் அழுத்த அலை, குழாயின் வாயில் பட்டு உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். அது சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே வரவழைக்கும். ஆனால் அந்தச் சரியான நேரம் இன்ஜின் வேகமாகச் சுழலும் உயர்ந்த ஆர்பிஎம்மில்தான் அமையும். அதற்குக் கீழே அலை தப்பான நேரத்தில் வந்து இன்ஜினைத் திணற வைக்கும். பழைய பந்தயக்காரர்கள் இதற்கு 'மெகாஃபோனைட்டிஸ்' என்று ஒரு நோய்ப் பெயரே வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலிலிருந்து மெல்ல நகரும் வண்டி ஓடுவது முழுக்க முழுக்க அந்தத் திணறல் எல்லைக்குள்தான்.

உலகம் மாறிவிட்டதா என்று கேட்டீர்கள். கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் இந்தச் சண்டை உங்கள் வண்டியைவிடப் பழையது. இங்கிலாந்தில் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடம் 1907-இல் திறந்தது. சத்தம் தாங்காமல் பக்கத்தில் குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1920-களில், அங்கே ஓடும் வண்டிகளுக்கு டப்பா போன்ற பெரிய சைலன்சர் கட்டாயமாயிற்று. அதன் மீன்வால் போன்ற முனையைப் பிற்பாடு எத்தனையோ பேர் அழகுக்காகவே விரும்பினார்கள். அக்கம்பக்கத்தாரின் புகாரிலிருந்து வந்த வடிவம் அது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மீன்வால் சைலன்சருக்குப் பேர்போன பிரிட்டிஷ் நிறுவனமான வெலோசெட்டே 1948-இல் எல்இ என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. தண்ணீரால் குளிரும் சின்ன இன்ஜின், சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட் என்ற தண்டு. ஓடுவதே தெரியாத அளவுக்கு அமைதி. பிரிட்டிஷ் போலீசாரில் பலர் ரோந்துக்கு அதைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆக, சத்தம் இல்லாவிட்டால் அது மோட்டார் சைக்கிளே இல்லை என்ற எண்ணம் அந்தக் காலத்திலும் எல்லோருக்கும் இருக்கவில்லை. 1970-களில் அமெரிக்க ஓட்டுநர்களே "சத்தம் குறைந்தால் இடம் கூடும்" என்ற பொருளில் ஒரு முழக்கம் வைத்திருந்தார்கள். இரைச்சலால் காட்டுத் தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பார்த்தவர்களின் கவலை அது. உங்கள் பெட்டியில் அந்த வருடங்களின் அமெரிக்க இதழ்கள் இருந்தால் தலையங்கங்களைத் திரும்பப் படியுங்கள். இருபது வயதில் நாம் தலையங்கத்தைத் தாண்டி நேராக விளம்பரத்துக்குப் போனவர்கள்தானே.

சட்டம் அதற்குப் பிறகுதான் இறுகியது. அமெரிக்காவில் 1983 மாடல் சாலை வண்டிகளுக்கு 83 டெசிபெல் என்று வரம்பு வந்து, 1986-இல் 80 ஆனது. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் 2020 கோடையில், நின்ற நிலைச் சோதனையில் 95 டெசிபெலுக்கு மேல் பதிவான வண்டிகளைச் சில மலைச் சாலைகளில் விடவில்லை. (அமெரிக்க எண்களையும் டிரோல் எண்ணையும் ஒப்பிடக் கூடாது. முன்னது ஓடும் வண்டியைத் தூரத்திலிருந்து அளப்பது, பின்னது குழாய்க்கு அரை மீட்டரில் அளப்பது.) பத்து டெசிபெல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

"சத்தம் இருந்தால்தான் மற்ற வண்டிக்காரர்கள் கவனிப்பார்கள், அது பாதுகாப்பு" என்று உங்கள் நண்பர்கள் யாராவது சொல்லக்கூடும். ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியான அமெரிக்க அறிக்கை ஒன்று உண்டு. விபத்துக்குக் காரணமான ஆபத்துகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஓட்டுநருக்கு முன்புறம், இருபக்கமும் 45 டிகிரிக்குள் இருந்தன என்கிறது அது. சைலன்சரின் வாயோ பின்னால் பார்க்கிறது. சத்தத்தில் பெரும்பங்கு போவது நீங்கள் கடந்து வந்துவிட்ட வீடுகளுக்குத்தான்.

உங்களுக்கும் மகளுக்கும் நடுவில் உள்ள வித்தியாசமும் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆக்ஸிலேட்டர் உங்கள் கையில். அடுத்த நொடி சத்தம் ஏறுமா இறங்குமா என்று உங்களுக்குத் தெரியும். குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைத்துவிட்டு, எப்போது கிக்கர் விழுமோ என்று காத்திருக்கும் அவளுக்கு அது தெரியாது. ஒரே சத்தம்தான். அவள் சொன்னதும் பொய் இல்லை, நீங்கள் கேட்பதும் பொய் இல்லை.

உங்கள் காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் இடது காதில் பத்து வருடமாக ஒரு கீச்சொலி இருக்கிறது. இரவில் எல்லாம் அடங்கிய பிறகு, முன்பு நான் பத்திரிகை படித்த அதே நேரத்தில், அது மட்டும் கேட்கும். 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100-இல் கால் மணி நேரம்தான். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே அந்த அளவை நெருங்கிவிடும். காதடைப்பான் விலை சொற்பம். நான் காலம் கடந்து வாங்கினேன், நீங்கள் இன்றே வாங்குங்கள்.

சரி, என்ன செய்யலாம்? சைலன்சரைத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே கண்ணாடி இழை சுற்றிய பேஃபிள் ஒன்றைப் பொருத்துங்கள். தெரிந்த லேத்காரர் அளவு பார்த்துச் செய்து கொடுப்பார். வெளித்தோற்றம் விளம்பரத்தில் பார்த்த அதே மெகாஃபோனாகவே இருக்கும். திறந்த குழாய்க்காகக் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டைப் பெரியதாகப் போட்டிருந்தால் சின்னதுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், காப்பிப் பழுப்பு வந்தால் சரி. ஆக்ஸிலேட்டரை விடும்போது 'பட் பட்' என்று வெடித்தால் குழாய் இணைப்பில் காற்று கசிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் வண்டிக்கான ஜெட் எண், பெட்டிக்குள் ஏதோ ஒரு இதழின் அட்டவணையில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெட்டியைத் திறக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

திறக்கும்போது துருப்பிடித்த பின்களை மெதுவாகக் கழற்றி, பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். இதழ்களை இறுக்கிக் கட்டாமல் படுக்கையாக அடுக்குங்கள். ஈரமும் வெயிலும் படக் கூடாது. இரட்டைப் பிரதிகளைப் பழைய வண்டி சரிசெய்யும் இளைஞர்கள் யாருக்காவது கொடுங்கள்.

காலையில் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். எதிர் வீட்டுக்காரரிடம் நீங்களே போய், "தொந்தரவு கொடுத்துவிட்டேன், பேஃபிள் போடப் போகிறேன்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும், விளக்கம் வேண்டாம்.

மகளிடம் விளக்கம் சொல்லவும் வேண்டாம், உதவி கேளுங்கள். பேஃபிள் பொருத்திய அன்று, குழந்தை விழித்திருக்கும் ஒரு பகல் வேளையில், அந்த இதழை அவள் கையில் கொடுத்து அட்டவணையை வாசிக்கச் சொல்லுங்கள். அவள் எண்ணைச் சொல்லட்டும், நீங்கள் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். இரண்டு சிலிண்டரும் ஒரே சீராக வந்து நிற்கும் இடத்தை அவளுக்கும் காட்டுங்கள். கடைசியில் எந்த ஜெட் பொருந்தியது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.