பச்சைப் புத்தகத்தைப் பிறர் கையில் கொடுக்கலாமா?

கேள்வி: ஆறு வருடமாகச் சென்னை நகருக்குள் இருக்கும் ஓர் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் ஹெச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன். கூவம் ஓரத்தில் இருந்த எங்கள் வீடுகளை இடித்து, பெரும்பாக்கத்தில் குடியமர்த்திவிட்டார்கள். வீட்டு வேலை செய்கிறேன். மருந்துக்குப் போகிற நாளில் சம்பளத்தைப் பிடித்துவிடுகிறார்கள். மருத்துவமனை வாசலில் ஒருவர், மாதம் 500 ரூபாயும், மையத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் பச்சைப் புத்தகமும் (சிகிச்சை விவரம் எழுதும் புத்தகம்) கொடுத்தால் தானே மாத்திரை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இல்லையென்றால் தாம்பரத்தில் புது நோயாளியாகப் பதிந்துகொள்ளச் சொல்கிறார். ஆதாரில் பழைய முகவரிதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த ஆளுக்கு ஐந்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. உங்களுக்குத் தேவை மைய மாற்றம். அதற்குக் கட்டணம் கிடையாது. இப்போது போகும் மையத்தின் ஆலோசகரிடம், "பெரும்பாக்கத்துக்கு வந்துவிட்டேன், தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது முதலில் கொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. மேடவாக்கம் வழியாகப் போய்விடலாம். மாற்றல் படிவம் எழுதி, இடையில் மருந்து விட்டுப்போகாமல் இருக்க மாத்திரையும் கொடுத்து அனுப்புவார்கள். ஆதார் முகவரியைக் காரணம் காட்டி யாரும் மருந்தை மறுக்கக் கூடாது. வீடு ஒதுக்கிய ஆணை இருந்தால் எடுத்துப் போங்கள், பேச்சு குறையும்.

புது நோயாளியாகப் பதிவது சுலபம் போலத் தெரியும். பலர் இப்படிச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு வருடத்தில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை, ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் பழைய மையத்தில் தங்கிவிடும். புது டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து எழுத வேண்டியதுதான். பழைய மையத்திலோ நீங்கள் காணாமல் போனவர். போன் வரும், விசாரிக்க ஆள் வரும். யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்துச் செய்த வேலை, நாலு பேருக்குத் தெரிவதில் முடியும்.

புத்தகத்துக்கு வருகிறேன். உங்கள் பெயரும் நோயும் அதில் ஒன்றாக எழுதியிருக்கிறது. அதை வெளியாள் கையில் கொடுத்தால் இன்று 500 கேட்பவர், நாளை அதைக் காட்டி மிரட்டி 5,000 கேட்பார். அடுத்த மாதம், "எல்லாவற்றையும் அடியோடு தீர்க்கும் மூலிகைப் பொடி" என்று ஒரு டப்பாவை நீட்டுவார். ஹெச்.ஐ.வி.யை அடியோடு தீர்க்கும் பொடியோ லேகியமோ இல்லை. அதை நம்பிக் கூட்டு மருந்தை நிறுத்தி, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, வருடம் ஒரு தடவை எடுக்கும் வைரல் லோடு (ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும்) பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டியது நீங்கள். தரகரா கொடுப்பார்?

ஆனால் உங்களுக்கு இப்போது காசநோய் மருந்து ஓடுகிறதா? கேள்வியில் சொல்லவில்லை. ஓடினால் மாற்றலுக்கு அவசரப்படாதீர்கள். காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கும், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது அதனால்தான். அது, தினமும் நீங்கள் போடும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும் டோலுடெகிராவிரின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் 12 மணி நேரம் கழித்து டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் மட்டும் தனியாக இன்னொன்று போட வேண்டும். காசநோய் மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் அது தொடரும். இடம் மாறும்போது விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது மாத்திரைதான். ஒரு டப்பாதான் கையில் வரும், நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாது. முடிந்தால் காசநோய் மருந்தை முடித்துவிட்டு மாறுங்கள். முடியாதென்றால் அந்த மாத்திரையைப் படிவத்தில் தனி வரியாக எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

ஆற்றோரத்து மக்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கத் தெரிகிறது. அவர்களோடு சேர்ந்து மருந்தும் வர வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. விடியல் பயணத்தில் பஸ் காசு மிச்சம், சரி. போகிற கூலியை யார் தருவது? இதில் மைய ஊழியர்களைத் திட்டியும் பயனில்லை, அந்த ஆலோசகர்களே வருடக்கணக்காக ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவர்கள்.

கூலிக்கு ஒரு வழி இருக்கிறது. உடம்பு சீராக, வைரல் லோடு கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரைவரை ஒரே தடவையில் கொடுக்கலாம். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். வேலை செய்யும் வீட்டில் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. உங்கள் சம்மதமில்லாமல் மையமும் யாரிடமும் சொல்லக் கூடாது; 2018 செப்டம்பரிலிருந்து இதற்குச் சட்டமே இருக்கிறது. மாற்றல் தர இழுத்தடித்தால் 1097 எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு போன் போடுங்கள், காசு ஆகாது.

தாம்பரத்துக்கு முதல் நாள் போகும்போது மீதி மாத்திரையை டப்பாவோடு எடுத்துப் போங்கள். எண்ணிப் பார்ப்பார்கள்.