பின்பெஞ்சை நினைத்தால் பயம்

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் பயிற்சியில் எட்டாம் வகுப்புக்கு அமிலங்களும் காரங்களும் நடத்த வேண்டும். பாடக்குறிப்பு, சார்ட் எல்லாம் தயார். ஆனால் பின்பெஞ்சை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.
– பயிற்சி ஆசிரியை, கும்பகோணம்

பதில்: சார்ட் இருக்கட்டும் அம்மா. மஞ்சள் தடவிக் காயவைத்த தாளும் கொஞ்சம் சலவை சோப்புத் தண்ணீரும் கொண்டுபோங்கள். ஒரு சொட்டு விட்டால் தாள் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். அதைப் பின்பெஞ்சுப் பையனையே செய்துகாட்டச் சொல்லுங்கள், மேசையைச் சுற்றி மொய்த்துவிடுவார்கள். முதல் நாளே உட்காரும் வரிசைப்படி பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'ஏய், நீ' என்றால் எட்டாம் வகுப்புக்காரன் மதிக்கவே மாட்டான். அப்புறம், மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் கடைசி பெஞ்சில் குறிப்பெடுப்பார். அவருக்குப் பாடம் நடத்தாதீர்கள். அவர் ஏற்கெனவே பாஸ்!