பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: பெற்றோர், மாணவர் கேள்விகளுக்குப் பதில்

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள அன்பியங்களில் (பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களில்) இருந்து வந்த கேள்விகள் இவை. மறைக்கல்வி ஆசிரியை என்ற முறையில் பதில் எழுதுகிறேன். திருஅவைச் சட்டம் தெளிவாகச் சொல்லும் இடத்தில் அதையே சொல்லியிருக்கிறேன். மற்றதெல்லாம் என் கருத்து. உங்கள் பங்குச் சாமியாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசரடி, இரண்டு பிள்ளைகளின் தாய்: டீச்சர், எங்கள் அம்மா வீட்டில் தினமும் சாயங்காலம் முழு ஜெபமாலை உண்டு. என் வீட்டில் அது நடக்கவே மாட்டேன் என்கிறது. பெரியவனுக்கு நீட் கோச்சிங், சின்னவள் தூங்கி வழிகிறாள், அவர் கடையடைத்து வர பத்து மணி ஆகிறது. மனசு உறுத்துகிறது.

அந்த உறுத்தலை முதலில் இறக்கி வையுங்கள் அம்மா. ஞாயிறு திருப்பலி நமக்குக் கடமை. ஜெபமாலை பக்தி முயற்சி. அருமையானது, ஆனால் ஒருநாள் விட்டுப்போனால் பாவம் என்று திருஅவை சொல்லவில்லை.

ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் விட்டுவிட்டு, பத்து மணிகள் கொண்ட ஒரே ஒரு பகுதியைப் பிடியுங்கள். ஒரு பரலோக மந்திரம், பத்து மங்கள வார்த்தை, ஒரு திரித்துவப் புகழ். ஐந்து நிமிடம் போதும். சின்னவள் தூங்கும் முன், பெரியவன் கோச்சிங்கிலிருந்து வந்து சாப்பிட உட்காரும் நேரம் எதுவோ, அதுவே உங்கள் நேரம். ஏழரை மணிதான் புனிதமான நேரம் என்று எங்கும் எழுதியில்லை.

ஆரம்பிக்கும் முன் யாருக்காக என்று ஒரு பெயரைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி, பள்ளிக்கூடத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பையன் என்று அவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டாலே அன்றைக்கு அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், ஜெபமாலையின் அந்தப் பத்து மணிகளைவிட அந்தப் பெயர்தான் பிள்ளைகளைச் செபத்துக்குள் இழுக்கும்.

எந்த நாளுக்கு எந்த மறையுண்மை, அதாவது ஜெபமாலையில் தியானிக்கும் இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகள், என்று கேட்பீர்கள். திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறையுண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல்தான் சேர்த்தார். அம்மா பழைய வழக்கப்படி வியாழக்கிழமை மகிழ்ச்சி சொன்னால் சொல்லட்டும், திருத்த வேண்டாம்.

அப்புறம், வீட்டுக்காரர். பத்து மணிக்கு வந்தவர் தூங்கும் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிட உட்காரட்டும். தகப்பன் தருகிற ஆசீர் அது. பிள்ளைகள் தூக்கத்திலும் அதை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

திருமங்கலம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி: சீட் கிடைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். கிடைக்கவில்லை. நான் எங்கோ தவறிவிட்டேனா? இனி நடக்க வேண்டுமா, வேண்டாமா?

நடக்க வேண்டிய கடமை இல்லை கண்ணு. நிபந்தனையோடு செய்த நேர்ச்சை, அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் தானாகவே முடிந்துவிடுகிறது. திருஅவைச் சட்டத்தின் 1194ஆம் எண் இதைத்தான் சொல்கிறது. நிறைவேறியும் செய்ய முடியாத நிலை வந்திருந்தால்கூட, தகுந்த காரணம் இருந்தால் பங்குச் சாமியாரே அதிலிருந்து விடுவிக்கலாம், வேறொன்றாக மாற்றியும் கொடுக்கலாம். நேர்ச்சை ஒரு கழுத்துக் கயிறாக இருக்கக் கூடாது என்பதில் திருஅவை கவனமாகவே இருக்கிறது.

இனி உன் பெரிய கேள்வி. சீட் கிடைக்காதது தண்டனை இல்லை. மாதாவுக்கு உன்மேல் கோபமும் இல்லை. சிலுவைச் சாவுக்கு முந்தைய இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கேட்டார். அது அகலவில்லை. கேட்டது கிடைக்காதவர்களின் வரிசையில் அவரும் நிற்கிறார். அழுகை வந்தால் அவர் முன்னால் அழு, கோபம் வந்தால் கோபத்தையும் சொல். விவிலியத்தின் திருப்பாடல்களில் பல அப்படித்தான் இருக்கின்றன.

ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேற்றத்துக்கு நம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் நடந்து போவார்கள். உனக்கு ஆசை இருந்தால் போய் வா, எதையும் கேட்காமல். ராத்திரி தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இருந்தால் அதை உடனே அம்மாவிடமோ, நம்பிக்கையான சிஸ்டரிடமோ, டாக்டரிடமோ சொல்லு. செபம் செய்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. செபமும் செய், டாக்டரையும் பார்.

கருமாத்தூர், இயற்பியல் மாணவர்: பெருவெடிப்பைப் படித்துவிட்டு ஆறு நாள் படைப்பை எப்படி நம்புகிறாய் என்று ஹாஸ்டலில் ஓட்டுகிறார்கள். என்ன சொல்ல?

பெருவெடிப்புக் கொள்கைக்கு அடிப்படை போட்டவரே ஒரு கத்தோலிக்கக் குரு என்று சொல்லுங்கள் தம்பி. பெல்ஜியத்து ஜார்ஜ் லெமைத்ர். அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931இல் சொன்னார். பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலைத் தொடங்கிய மெண்டல் ஓர் அகுஸ்தினார் துறவி.

லெமைத்ர் செய்த இன்னொன்றும் முக்கியம். தன் கொள்கையைக் கடவுளுக்குச் சான்றாகக் காட்டுவதை அவர் விரும்பவில்லை. ஆறு நாள் படைப்பைச் சொல்லும் விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல் இயற்பியல் பாடம் இல்லை. உலகம் தற்செயலாகக் கிடந்த பொருள் அல்ல, அன்பினால் உண்டானது, நல்லது என்று அது சொல்கிறது. அதை எந்தத் தொலைநோக்கியும் மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. ஓட்டுகிறவர்களிடம் ஜெயிக்க வேண்டியதில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு, தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் தெ நோபிலி முதலில் தமிழும் சமஸ்கிருதமும் கற்றுக்கொண்டார், அதன் பிறகுதான் இங்குள்ள அறிஞர்களோடு வாதத்துக்கு உட்கார்ந்தார். நீங்களும் இயற்பியலை நன்றாகப் படியுங்கள்.

செல்லூர், ஒரு தகப்பன்: சித்திரைத் திருவிழாவில் பக்கத்து வீட்டார் பிரசாதம் கொடுக்கிறார்கள். மகள் வாங்கிச் சாப்பிடுகிறாள். என் அம்மா அது பாவம் என்கிறார்.

இது முதல் நூற்றாண்டிலேயே கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு வந்த பிரச்சினை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 8, 10 அதிகாரங்களைக் குடும்பமாக உட்கார்ந்து படியுங்கள். சிலைகளுக்குப் படைத்த வழிபாட்டில் பங்கெடுப்பது வேறு, உணவு வேறு என்கிறார். உணவு நம்மைக் கடவுளிடம் சேர்ப்பதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. ஆனால் நான் சாப்பிடுவதைப் பார்த்து இன்னொருவரின் மனச்சான்று புண்படும் என்றால் விட்டுவிடவும் தயார் என்கிறார்.

ஆகவே என் பதில் இரண்டு பக்கமும் போகும். மகள் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கட்டும். வாங்கியதைக் குப்பையில் போடுவதுதான் எனக்குப் பாவமாகப் படுகிறது. பாட்டிக்கு மனம் ஒப்பவில்லையா, அவர் கண்ணெதிரே சாப்பிட வேண்டாம். இந்த விஷயத்தில் சாமியார்களே ஒரே மாதிரி சொல்வதில்லை. ஆனால் பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருஅவை தள்ளிவிடுவதில்லை என்று 1965இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. கிறிஸ்துமஸ் கேக்கை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகும்போது அவர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதையும் மகளிடம் பேசுங்கள்.

மேலூர், சர்க்கரை நோயாளி: தவக்காலத்தில் ஒருசந்தி (ஒருவேளை உணவு நோன்பு) இருக்காவிட்டால் குற்றமா?

இல்லை. நோயாளிக்கு நோன்புக் கடமை இல்லை. மற்றவர்களுக்கும் 18 வயது முடிந்ததிலிருந்து 59 முடியும் வரைதான், அதுவும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். மருந்தை நேரத்துக்குப் போட்டு, சாப்பிட்டுவிட்டு, அன்றைய டீக்காசையோ கோபத்தையோ விட்டுக்கொடுங்கள் ஐயா.

ஞானஒளிவுபுரம், ஒரு தாய்: மகன் இந்துப் பெண்ணைக் கட்டப்போகிறான். ஞானஸ்நானம் வாங்கினால்தான் கோயிலில் கல்யாணமா?

இல்லை. ஆயரின் விதிவிலக்கு வாங்கினால் அவள் மதம் மாறாமலேயே கோயிலில் திருமணம் செய்யலாம். தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததைச் செய்வேன் என்று உங்கள் மகன்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். அவளிடம் எந்த வாக்கும் கேட்பதில்லை. மகன் கொடுத்த வாக்கு இன்னதென்று அவளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கல்யாணத்துக்காக மட்டும் அவசரமாகத் தண்ணீர் ஊற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஞானஸ்நானம் ஒரு மனுஷி மனதார வந்து கேட்க வேண்டியது. இப்போதே பங்கு அலுவலகத்தில் பேசுங்கள், தாள்கள் தயாராக நாளாகும். அதைவிட முக்கியம், வருகிற பெண்ணுக்கு உங்கள் வீட்டுச் செபத்தில் ஓர் இடம் போடுங்கள். கட்டாயப்படுத்தாமல், கூப்பிடாமலும் இருந்துவிடாமல்.

பாத்திமா கல்லூரி மாணவி: ஞாயிறு பூசையில் எனக்கு ஒன்றுமே உறைப்பதில்லை. உடம்பு மட்டும் அங்கே இருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி மறுநாள் நற்செய்தியை ஒருமுறை படி. மூன்று ஆண்டுச் சுழற்சியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று வரும். யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்திலும். தடுக்குகிற ஒரு வார்த்தையைக் குறித்து வை. மறுநாள் வாசகத்தில் அது வரும்போது காது தானாக விழிக்கும். பிரசங்கம் சுமாராக இருந்தாலும் உன் வார்த்தை உன்னிடம் இருக்கும்.

வாரநாளில் படுக்கும் முன், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனையைச் செய்து பார். இன்று எதற்கு நன்றி, எங்கே அன்பிலிருந்து விலகினேன், நாளைக்கு என்ன வேண்டும். லைப்ரரி, பஸ், கேண்டீன் என்று அந்த நாளின் இடங்கள் வழியாகவே போ. ஒன்றும் உறைக்காத வாரங்களிலும் பூசைக்குப் போவதை விடாதே. தெரசா அன்னைக்கே பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்திருக்கிறது என்று அவருடைய கடிதங்களிலிருந்து தெரியவந்தது.