வளர்ச்சிக் காரணியும் புற்றுநோயின் தொடக்கமும்: கேள்வி பதில்

செல் உயிரியல் ஆய்வில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: வளர்ச்சிக் காரணிதான் புற்றுநோயை உண்டாக்குகிறதா?

'காரணி' என்பதைக் 'காரணம்' என்று படித்துவிடாதீர்கள். முதல் குழப்பமே இங்கேதான். வளர்ச்சிக் காரணி ஒரு சின்னப் புரதம். ஒரு செல் வெளியே விடும், பக்கத்துச் செல்லின் மேல் அதைப் பிடிப்பதற்கென்றே இருக்கும் புரதமான ஏற்பியில் அது போய் ஒட்டும், 'நீ இரண்டாகப் பிரியலாம்' என்ற அனுமதி உள்ளே போகும். வேலை முடிந்ததும் அந்த ஏற்பியைச் செல் உள்ளே இழுத்து அழித்துவிடும்.

அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியில் போட்டார். இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்தன, பற்களும் சீக்கிரம் முளைத்தன. அந்தச் சாற்றில் இருந்தது 53 அமினோ அமிலங்கள் கொண்ட மேற்தோல் வளர்ச்சிக் காரணி. ரீட்டா லெவி மொன்டால்சினியோடு அவருக்கு 1986இல் நோபல் கிடைத்தது. குட்டிகளுக்குக் கண்தான் திறந்தது, கட்டி வரவில்லை.

கேள்வி: அப்படியானால் தப்பு எங்கே தொடங்குகிறது?

செல் அனுமதிக்குக் காத்திருப்பதை நிறுத்தும்போது. சில செல்கள் தமக்கு வேண்டிய காரணியைத் தாமே சுரந்துகொள்கின்றன. குரங்குகளில் கட்டி உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணு, இரத்தத் தட்டணுக்களில் உள்ள வளர்ச்சிக் காரணியின் மரபணுவை ஏறக்குறைய அப்படியே ஒத்திருந்தது 1983இல் தெரியவந்தது. மறு வருடம், இன்னொரு வைரஸ் மரபணு உண்டாக்குவது வெளிப்பகுதி வெட்டுப்பட்ட ஏற்பி என்று தெரிந்தது. யாரும் அழுத்தாமலே அடித்துக்கொண்டிருக்கும் அழைப்பு மணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்பியிடமிருந்து வரும் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ராஸ் புரதம் அணையாமல் எரிவது மூன்றாவது வழி.

கேள்வி: பாலில் வளர்ச்சிக் காரணி இருக்கிறதாமே, நிறுத்திவிடலாமா?

இதை வைத்து உணவை மாற்றாதீர்கள். உங்கள் உடல்நிலை தெரிந்த மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: மரபணுப் பிழை இல்லாமல் புற்றுநோய் இல்லை. வளர்ச்சிக் காரணியைப் பேசுவது சுற்றி வளைப்பதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முதல் பாதி பெரும்பாலும் சரி. ஆனால் 2015இல் வெயில் பட்ட, ஆரோக்கியமான கண்ணிமைத் தோலை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய கால்வாசிச் செல்களில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய மரபணுப் பிழைகள் இருந்தன. தோலோ பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பிழை மட்டும் போதுமென்றால் அந்த இமைகள் முழுக்கக் கட்டியாக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், புற்றுநோய் ஆய்வாளர் மினா பிசெல் குழு 1980களில் தொடங்கிச் செய்த சோதனைகள். கோழிக்குஞ்சின் ஒரு சிறகில் ரூஸ் வைரஸை ஊசி போட்டால் அங்கே கட்டி வரும். வைரஸ் இரத்தத்தில் உடம்பெல்லாம் சுற்றினாலும் மற்ற சிறகு சும்மா இருக்கும். அதில் ஒரு காயம் உண்டாக்கினால் அங்கேயும் கட்டி வந்தது. காயத்துக்குப் பதிலாக டி.ஜி.எஃப். பீட்டா என்ற காரணியைப் போட்டாலும் வந்தது.

அதே வாசகர்: கோழி வைரஸை வைத்து மனிதனைப் பேசலாமா?

நியாயமான ஆட்சேபம். அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எலித்தோலிலும் இதே கதைதான். மரபணுவைக் கெடுக்கும் பொருளைக் குறைந்த அளவில் ஒருமுறை தடவினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிறகு எரிச்சலூட்டும் பொருளைத் திரும்பத் திரும்பத் தடவினால் கட்டிகள் முளைக்கும். வரிசையை மாற்றினால் முளைக்காது. அந்த எரிச்சல்தான் வளர்ச்சிச் சமிக்ஞைகளைக் கிளப்புகிறது. நீங்கள் சொல்லும் பிழையும் வேண்டும், நான் சொல்லும் சூழலும் வேண்டும்.

கேள்வி: காயம் பட்டால் புற்றுநோய் வருமா?

மேலே உள்ளதை இன்னொருமுறை படியுங்கள். சாதாரணக் காயம் ஆறும், சமிக்ஞையும் நிற்கும். நீண்ட நாள் ஆறாத புண்ணை மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: புரதப் பொடி சாப்பிடலாமா? அதிலும் வளர்ச்சிக் காரணி...

பாலுக்குச் சொன்னதே இதற்கும். காரணி வேறு, காரணம் வேறு.

கேள்வி: அப்பாவின் அறிக்கையில் ஏற்பி பற்றி ஏதோ போட்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

கூடவே கூடாது. அந்த அறிக்கையோடு அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் இன்றே பேசுங்கள்.

கேள்வி: டி.ஜி.எஃப். பீட்டா நல்லதா கெட்டதா?

தொடக்கத்தில் மேற்தோல் செல்கள் பிரிவதை அது தடுக்கிறது. நோய் முற்றும்போது கட்டிச் செல்கள் அந்தத் தடையைக் கேட்பதில்லை, அதே புரதம் அவை பரவ உதவுகிறது. அதனால்தான் அதை முழுசாக அடைக்கும் மருந்து செய்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.