பித்தளைப் பூ மரத்தில் நிலைத்து நிற்க

கேள்வி: எங்கள் வீட்டுத் தேக்குப் பூஜை மாடத்தின் கதவுகளில், 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பித்தளைத் தாமரைப் பூக்கள் எட்டை, மரவேலைக்கான வெள்ளைப் பசையால் ஒட்டினேன். நான்கு மாதங்களுக்குள் ஐந்து பூக்கள் விழுந்துவிட்டன. பசை மட்டும் மரத்தின் மேல் அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குவதுதான் காரணமா? கதவில் ஆணி அடிக்க மனம் வரவில்லை.

பதில்: புளித் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு, சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகிவிடும். ஆனால் முதற்காரணம் வேறு என்பதை, பசை மரத்தின் மேல் நின்றுவிட்டதாக நீங்கள் எழுதியிருப்பதே காட்டுகிறது. வெள்ளைப் பசை, தன்னிலுள்ள நீர் மரத்துக்குள் இறங்கியும் காற்றில் உலர்ந்தும் போவதால் இறுகுகிறது. மரம் நீரை உறிஞ்சும், பித்தளை உறிஞ்சாது. ஆகவே மரத்தின் பக்கம் நன்றாகப் பிடித்த பசை, பித்தளையின் பக்கம் வெறும் தோலாகவே காய்ந்திருக்கிறது.

விழுந்த பூ ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். வார்ப்புப் பூவாக இருந்தால் அதன் முதுகு பெரும்பாலும் குழிவாக இருக்கும். ஓரம் மட்டுமே மரத்தைத் தொட்டிருக்கும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 80 அல்லது 100 எண் உப்புத்தாளை விரித்து, பூவின் முதுகை அதில் வட்டமாகத் தேய்த்தால் ஓரம் சமமாகும், மெருகுப் பூச்சும் போய் உலோகம் சொரசொரப்பாகும். பிறகு தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்டாலும் பிடிப்பு குறையும். கதவில் பூ உட்காரும் இடத்திலுள்ள பழைய பசையையும் வார்னிஷையும் மரம் தெரியும் வரை சுரண்டிவிட வேண்டும், இல்லையென்றால் பசை வார்னிஷைத்தான் பிடித்திருக்கும். வார்னிஷ் உரிந்தால் பூவும் கூடவே வந்துவிடும். தேக்கிலும் இயற்கையான எண்ணெய் உண்டு என்பதால், அதையும் ஒருமுறை தின்னரால் துடைத்து உலரவிடுங்கள்.

ஒட்டுவதற்கு, இரண்டு குழாய்களாக வரும் எபாக்ஸி பசையே ஏற்றது. கடையில் அரால்டைட் என்று கேட்டால் கிடைக்கும். 5 நிமிடத்தில் இறுகும் வகையைவிட, மெதுவாக இறுகும் வகையையே நான் பரிந்துரைப்பேன். உறையில் சொன்ன விகிதத்தில் கலந்து, சிறிது மரத்தூள் சேர்த்துப் பிசைந்தால் முதுகுக் குழியை நிரப்பிவிடலாம். கதவைக் கழற்றிப் படுக்க வைத்துப் பூவை மெல்ல அழுத்துங்கள். பலமாக அழுத்தினால் பசை முழுவதும் வெளியேறிவிடும். ஓரத்தில் பிதுங்கியதை உடனே துடைத்துவிட்டு, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.

விளக்குக்கு அருகிலுள்ள பூக்களுக்கு மட்டும், உங்கள் மனத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். தொடர்ந்து சூடுபட்டால் எபாக்ஸியும் இளகும். கேரளத்து மர நகைப்பெட்டிகளான நெட்டூர்ப் பெட்டிகளின் பித்தளை வேலை ஆணியால்தான் நிற்கிறது, அந்த ஆணித் தலைகளே அழகாகவும் இருக்கின்றன. மெல்லிய துளையிட்டு, பித்தளை ஆணியையே அடியுங்கள். இரும்பு ஆணி ஈரம்பட்டுத் தேக்கைக் கறுக்கச் செய்யும். இனித் துலக்கும்போது புளியைத் துணியில் தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுப்பது போதும்.

கேள்வி: ஊஞ்சல் பலகையின் இரு முனைகளிலும், 45 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பித்தளைப் பட்டை பதிக்க விரும்புகிறேன். அதே எபாக்ஸி போதுமா?

பதில்: போதாது. மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். இந்த அகலத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரலாம். பித்தளை ஈரத்துக்கு அசையாது. சிறிய பூ இதைத் தாங்கிக்கொள்ளும். நீண்ட பட்டையை முழுக்க ஒட்டினால் பசை விட்டுப்போகும் அல்லது பலகை வெடிக்கும். ஆகவே நடுவில் மட்டும் ஒரு திருகாணியை இறுக்கி, இரு ஓரங்களிலும் பட்டையின் துளைகளை அகலவாக்கில் நீளமாக அராவி, அங்கே திருகாணிகளை மிகவும் இறுக்காமல் விடச் சொல்லுங்கள். ஆசாரிக்குச் சொன்னால் புரிந்துகொள்வார்.