புது பெயிண்ட் அடித்த பழைய பத்மினி: வாங்கும் முன்பும், பட்டறையில் விடும் முன்பும்

கேள்வி: 1988 மாடல் பிரீமியர் பத்மினி கார் ஒன்று விலைக்கு வருகிறது. எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஓட்டிப் பார்த்துவிட்டேன். போன மாதம்தான் புது பெயிண்ட் அடித்தார்களாம். "அங்கங்கே லேசா துரு இருக்கு, கொஞ்சம் டிங்கரிங் பார்த்தா போதும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: எனக்கு முதல் சந்தேகமே அந்தப் புது பெயிண்ட்தான். விற்க முடிவுசெய்த பிறகு ஒருவர் செலவு செய்து பெயிண்ட் அடிக்கிறார் என்றால், அடியில் எதையோ மூடியிருக்கலாம். எல்லாரும் அப்படி இல்லை. ஆனால் அதை நீங்கள்தான் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்மினியில் எஞ்சின் பெரிய விஷயம் இல்லை. 1089 சிசி எஞ்சின், பழைய மெக்கானிக்குகளுக்குக் கை பழகிய வேலை. பணத்தை விழுங்குவது பாடி. லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் தனி சேஸிஸ் (இரும்புச் சட்டம்) ஓடும், அதன் மேல் பாடியை உட்கார வைத்திருப்பார்கள். பத்மினி அப்படிப்பட்ட வண்டி அல்ல. ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் 1964-இல் மும்பை குர்லாவில் தயாராகத் தொடங்கிய நாளிலிருந்து, வண்டியின் பாரத்தைத் தாங்குவது பாடித் தகடுகள்தான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு (சிலர் சில் என்பார்கள், சிலர் ரன்னிங் போர்டு என்பார்கள்), தரைத் தகடு, பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம் ஆகியவை இத்துப்போயிருந்தால் அதற்குப் பெயர் லேசான துரு இல்லை.

பார்க்கப் போகும்போது ஒரு சின்ன காந்தம், டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, மட்கார்டின் பின்முனை என்று வைத்துக்கொண்டே போங்கள். கூரையில் 'டப்' என்று ஒட்டிய காந்தம் சக்கர வளைவில் வழுக்கி விழுந்தால் அங்கே இருப்பது தகரம் அல்ல, பட்டி (பள்ளத்தை நிரப்பத் தடவும் பசை). அப்புறம் கால்மிதி மேட்டைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். டிரைவர் காலடி, பின் சீட்டுக்கு அடி, டிக்கியின் அடித்தகடு, ஆசிட் சிந்தும் பேட்டரித் தட்டு எல்லா இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் இருக்கும். பட்டி போட்டு அவற்றை அடைத்திருந்தால் ஒவ்வொரு மழைக்கும் கதவுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நான் மிகவும் நம்பும் சோதனை ஜாக்கி சோதனை. சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, வண்டியிலேயே இருக்கும் ஜாக்கிப் புள்ளியில் ஜாக்கியை வைத்து மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு முன்பே 'நொறுக்' என்று சத்தம் வந்து ஜாக்கி தகட்டுக்குள் இறங்கினால் சில் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. ஏறிவிட்டது என்றால், அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நிற்கும்போது சரியாக மூடிய கதவு, ஏற்றியதும் மேல் விளிம்பில் இடிக்கிறதா? கதவுக்கும் பாடிக்கும் நடுவில் விரல் நுனி போகும் இடைவெளி ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகுகிறதா? இடுப்பொடிந்த பாடி அது. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் தலையை நுழைக்காதீர்கள். அடிப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து சர்வீஸ் ஸ்டேஷனில் லிஃப்டில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் ஊர் கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று. உப்புக்காற்றிலேயே நின்ற வண்டியில் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே மொச்சைக்கொட்டை அளவுக்குப் பெயிண்ட் உப்பியிருந்தால் உள்ளே கையகலத்துக்கு அரித்திருக்கும்.

கடைசியாகக் காகிதம். தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்கு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று) நடப்பில் இருக்கிறதா, வண்டியில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பர் அதோடு ஒத்துப்போகிறதா, அந்த நம்பர் உள்ள தகடு துருவில் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பர் படிக்க முடியாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டு 1984 பத்மினிக்கு இரண்டு பட்டறைகளில் எஸ்டிமேட் வாங்கினேன். ஒருவர் ஓட்டைகளின் மேல் தகடு வைத்து கேஸ் வெல்டிங் அடித்துப் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் இத்துப்போனதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும் என்கிறார், ஏறக்குறைய மூன்று மடங்கு கேட்கிறார். வேலை முடிந்தால் பார்வைக்கு ஒரே மாதிரிதானே இருக்கும்? (ஈரோடு வாசகர்)

பதில்: முதல் ஆண்டு ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

துருவின் மேல் தகடு வைத்தால் பழைய தகட்டுக்கும் புதுத் தகட்டுக்கும் இடையில் ஒரு சந்து உருவாகிறது. அங்கே ஈரம் ஏறினால் காய வழியில்லை. பழைய துரு நிற்காது, புதுத் தகட்டையும் பின்னாலிருந்து தின்னும். மேலே போட்ட பாலியஸ்டர் பட்டியும் ஈரத்தை இழுக்கும். பட்டி என்பது தட்டி நேராக்கிய தகட்டின் கடைசி மேடுபள்ளத்தை நிரப்ப, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் போட வேண்டியது. ஓட்டையை அடைக்க அது பயன்படாது.

கேஸ் வெல்டிங்கே கூடாது என்று சொல்ல மாட்டேன். மட்கார்டில் கேஸ் வைத்து, சுத்தியலும் கட்டையுமாகத் தட்டி, ஒட்டு தெரியாமல் முடிக்கும் கைகாரர்கள் நம் ஊர்ப் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் பாடித் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன், கேஸ் சூடு அகலமாகப் பரவும், தகடு நெளியும். பித்தளைக் கம்பி உருக்கி ஒட்டும் வேலையை பாரம் தாங்கும் இடத்தில் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சில், தரை, ஸ்பிரிங் மாட்டும் இடம் போன்றவற்றுக்கு மிக் வெல்டிங் (வாயுவின் பாதுகாப்பில் கம்பியை மின்சாரத்தால் உருக்கி ஒட்டுவது) வேண்டும், பட்டறையில் சிஓ2 வெல்டிங் என்று கேட்டால் புரியும்.

அதையும் ஒரே இழுப்பில் அடிக்கக் கூடாது. இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி, ஆறவிட்டு நடுவில் ஒன்று என்று நிரப்பிக்கொண்டே வர வேண்டும். கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் அடித்த இடங்களில் மேல் தகட்டில் சிறு துளை போட்டு அதன் வழியாக அடித்தகட்டோடு சேர்த்து நிரப்புவது சரியான முறை. சில் மாற்றும்போது இன்னும் கவனம் தேவை. வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டு அடித்து நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். முழுசாக வெல்டு அடிக்கும் முன் கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் இரண்டு பக்கமும் வெட்டிப் போட்டால் பாடி தொய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் சேராது.

இதையெல்லாம் நீங்களே செய்யப் போவதில்லை. ஆனால் இரண்டு பட்டறைக்காரரிடமும் "சில் வெட்டும்போது கதவு வாசலை எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே யாரிடம் வண்டியை விடலாம் என்று தெரிந்துவிடும். மூன்று மடங்கு கேட்பவரும் இதற்கு மழுப்பினால் அவரும் வேண்டாம்.

ஆள் முடிவானதும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். வெள்ளைத்தாள் போதும். நான் முக்கியம் என்று நினைக்கும் ஒரே நிபந்தனை இதுதான்: வெல்டிங் முடிந்து, பிரைமரும் பட்டியும் தொடும் முன், வெறும் தகட்டை உங்களிடம் காட்ட வேண்டும். அந்த நாளில் நேரில் போய் நில்லுங்கள், எல்லா ஒட்டுகளையும் போட்டோ எடுங்கள். பெரிய தவணைப் பணத்தை அன்றைக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், பெயிண்ட் முடிந்த நாளுக்கு அல்ல. அந்த வெறும் தகட்டுக்குத்தான் நீங்கள் மூன்று மடங்கு கொடுக்கிறீர்கள். பெயிண்ட் அடித்த பிறகு எந்தப் பட்டறையின் வேலையும் ஒன்றுபோல்தான் தெரியும்.

பழைய வண்டியை வெட்டினால் எதிர்பாராத துரு வெளியே வரும், அது பட்டறைக்காரர் குற்றமில்லை. அப்படி வந்தால் போட்டோ அனுப்பி, தொகை சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகே தொடர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டுகளில் சீம் சீலர் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) போடுவது, எபாக்ஸி பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு) அடிப்பது, சில் பெட்டிக்கு உள்ளே துரு தடுப்பு மெழுகு தெளிப்பது மூன்றும் எஸ்டிமேட்டில் தனித்தனி வரியாக வரட்டும். பெட்டிக்கு உள்ளே மெழுகு தெளிக்காத புது சில், நம் மழைக்கு ரொம்ப நாள் தாங்காது. வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றுவதும் பெட்ரோல் டேங்க்கை இறக்குவதும் கட்டாயம். சீட்டும் மேட்டும் உள்ளே இருக்க வெல்டிங் அடிக்கும் பட்டறை என்றால் வண்டியைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

கேள்வி: சில், தரைத் தகடு எல்லாம் புதுப்பேட்டையில் வாங்கலாமா, செய்துகொள்ளலாமா? (சென்னை வாசகர்)

பதில்: கதவு, பானெட் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டைக்குப் போகலாம். வேறு வண்டியில் கழற்றியதாக இருக்கும், அதற்கும் அதே காந்தச் சோதனை. சில், தரைத் தகடு பழையது வாங்குவதில் அர்த்தமில்லை, அதுவும் அதே இடத்தில்தான் இத்துப்போயிருக்கும். 20 கேஜ் அல்லது 18 கேஜ் தடிமனில் சிஆர் ஷீட் (பூச்சில்லாத மெல்லிய இரும்புத் தகடு) வாங்கி, தகடு மடிக்கும் கடையில் அளவு கொடுத்து மடித்துக்கொள்வது நல்லது. கூரைக்குப் போடும் துத்தநாகம் பூசிய தகட்டை வைக்க விடாதீர்கள். வெல்டு சரியாக நிற்காது, கிளம்பும் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொடுக்கும். அவர் உடம்பையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்பாவின் காரைப் பட்டறையில் விட்டேன். பேசிய தொகையில் பெரும்பகுதி கொடுத்துவிட்டேன். இப்போது இன்னும் அவ்வளவு கேட்கிறார், பில்லும் தரவில்லை. கொடுக்காமல் வண்டியை எடுக்க முடியாது என்கிறார். கார் வெட்டவெளியில் மழையில் நிற்கிறது. (மதுரை வாசகர்)

பதில்: கசப்பாக இருந்தாலும் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவின்படி, ஒரு பொருளில் தன் உழைப்பையும் திறமையையும் போட்டவர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைத்தான் அந்தப் பிரிவு உதாரணமாகக் காட்டுகிறது. ஆக, பேசிய வேலைக்கான மீதிப் பணத்துக்காக அவர் வண்டியை நிறுத்தி வைத்தால் அதில் நியாயம் உண்டு. நீங்கள் ஒப்புக்கொள்ளாத கூடுதல் வேலைக்காக நிறுத்தி வைப்பது வேறு. அதே சட்டத்தின் 151-ஆவது பிரிவு, கையில் இருக்கும் பொருளை, விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் கவனிப்பது போலக் கவனிக்கும் கடமையை அவருக்குக் கொடுக்கிறது. வண்டியை வெட்டவெளியில் மழையில் நிறுத்தியது அந்தக் கடமைக்கு எதிரானது.

இன்றே போய் வண்டியைச் சுற்றிலும் போட்டோ எடுங்கள். பம்பர், ஹெட்லைட் வளையம், கைப்பிடி, கண்ணாடி என்று கழற்றி வைத்தவை எல்லாம் இருக்கின்றனவா என்று பட்டியல் எழுதுங்கள். இவை தொலைந்தால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: என்ன பேசினோம், எவ்வளவு கொடுத்தேன், வேலைவாரியாக பில் வேண்டும், பேசிய மீதியைக் கொடுக்கத் தயார், வண்டியைக் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறை. ஜிபேயில் கொடுத்த பணமும் வாட்ஸாப் பேச்சும் உங்கள் சாட்சி, எதையும் அழிக்காதீர்கள்.

வழிக்கு வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வராதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அது வேண்டாம்.

கேள்வி: 1972-இல் பதிவான ஃபியட் 1100 வைத்திருக்கிறேன். வின்டேஜ் பதிவு செய்யலாம் என்கிறார்கள். தரைத் தகடு மாற்றினால் அந்தத் தகுதி போய்விடுமா? (திருச்சி வாசகர்)

பதில்: 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, தனியார் உபயோகத்தில் உள்ள வண்டிக்கு வின்டேஜ் பதிவு கிடைக்கும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இத்துப்போன தகட்டை அதே வடிவில் அதே இடத்தில் மாற்றுவதை மாற்றம் என்று நான் கருதவில்லை. பாடியின் வளைவை மாற்றுவது, கூரையை வெட்டுவது போன்றவைதான் வம்பு. ஆனாலும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களை வைத்திருங்கள், அதிகாரி கேட்டால் காட்டலாம்.

முதலில் ஒன்றை யோசியுங்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், நம்பரில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அதன் பிறகு கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் போய்வர வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.