‘பாப்ரிகா’ படம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சதோஷி கோன் இயக்கிய ஜப்பானிய அனிமே ‘பாப்ரிகா’ (2006) பற்றி வந்த கேள்விகள் இவை. கதையின் முடிச்சை உடைக்கும் பதிலில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, நான் படம் பார்க்கவில்லை. கதை என்ன?

மனநல சிகிச்சைக்காக ‘டிசி மினி’ என்று ஒரு கருவி செய்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டால் நோயாளியின் கனவுக்குள் மருத்துவரும் போகலாம். யாரெல்லாம் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாட்டை அமைத்து முடிப்பதற்குள் கருவி திருடுபோகிறது. திருடியவர் நினைத்தால் யார் மனத்திலும் கனவைத் திணிக்கலாம். அதைத் தேடுபவர் டாக்டர் அட்சுகோ சிபா. கனவுக்குள் அவர் எடுக்கும் உருவம்தான் பாப்ரிகா என்ற பெண். மூலக்கதை யசுடகா சுட்சுயி எழுதிய நாவல். படம் 90 நிமிடம்தான்.

இரண்டு தடவை பார்த்தும் எது கனவு, எது நிஜம் என்று பிடிபடவில்லை. எங்கே தவறவிட்டேன்?

எதையும் தவறவிடவில்லை, தம்பி. பொதுவாகப் படங்களில் கனவு வந்தால் ஒரு அறிகுறி வைப்பார்கள்: புகை, மங்கல், இசை மாற்றம். கோன் அந்த அறிகுறியை எடுத்துவிடுகிறார். அவருடைய படத்தில் கனவுக்குள் போகும் கதவே வெட்டுதான், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் இடம்.

திருட்டில் சந்தேகிக்கப்படும் சக ஆய்வாளர் ஹிமுரோவின் வீட்டை அட்சுகோ சோதனை போடும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். ஒரு வழியில் இறங்குகிறார். பாழடைந்த பொழுதுபோக்குப் பூங்கா வருகிறது. அங்கே ஒரு பொம்மையைப் பார்த்து, வேலியில் ஏறித் தாண்டப் போகிறார். அடுத்த நொடி, அது அந்தக் குடியிருப்பின் பால்கனிக் கம்பி. கீழே தரை எங்கோ இருக்கிறது. அப்போது அவர் கருவியை மாட்டியிருக்கவே இல்லை! எங்கே கனவு தொடங்கியது என்று பின்னோக்கித் தேடினால் ஒரு கோடு கிடைக்காது. தன் அறிவை முழுதாக நம்பும் ஒரு மருத்துவர் ஏமாறும்போது நாமும் கூடவே ஏமாற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கோட்டை கோன் வரையவில்லை.

நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் மாயக்காட்சி தொடங்கும் இடத்தில் கண் உஷாராகிவிடும். வரைந்த படத்தில் பால்கனியும் பூங்காவும் ஒரே கையின் கோடுகள். அதனால்தான் இது அனிமேஷனாக இருப்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

போலீஸ்காரர் கோனகாவா திருட்டுக் கதையோடு ஒட்டவே இல்லையே, எதற்கு அவர்?

(முடிவு தெரிய வேண்டாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போங்கள்.)

பாப்ரிகாவிடம் கனவு சிகிச்சைக்கு வருபவர் அவர். எனக்கு அவர்தான் படத்தின் உயிர். முதல் காட்சியே அவர் கனவு: சர்க்கஸ் கூண்டு, அப்புறம் ரயில், கடைசியில் நீளமான ஒரு நடைபாதை. அங்கே சுடப்பட்ட ஒருவர் மெதுவாகச் சரிகிறார், கொலைகாரன் தப்பிவிடுகிறான். தீர்க்க முடியாத ஒரு கொலை வழக்கு உறுத்துகிறது என்று கோனகாவாவே நினைக்கிறார். சினிமாவே பிடிக்காது என்கிறார். ஆனால் அவர் கனவு முழுக்க சினிமா! கேமரா தாண்டக் கூடாத கற்பனைக் கோட்டைப் பற்றிக் கனவில் பாடமே எடுக்கிறார். அப்போது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா போலவே இருக்கிறார்.

உண்மை பிறகு தெரிகிறது. சிறுவயதில் நண்பனோடு சேர்ந்து ஒரு படம் எடுக்கத் தொடங்கியவர் அவர். பாதியில் விட்டு விலகிவிட்டார். நண்பன் சினிமாவிலேயே நின்று, நோயில் இறந்துபோனான். அந்தப் படத்தில் கோனகாவா நடித்தது போலீஸ் வேடம். வாழ்க்கையிலும் அதுவே ஆகிவிட்டார். கனவு அவரைக் கெடுக்க வரவில்லை, பாதியில் நின்றதைத் தொடரச் சொல்கிறது. அவர் டிக்கெட் வாங்கும் கடைசிக் காட்சியில் தியேட்டர் சுவரைக் கவனியுங்கள். கோனின் முந்தைய படங்களின் போஸ்டர்கள் இருக்கும்.

கனவில் வரும் அந்த ஊர்வலத்துக்கு என்ன அர்த்தம்?

குளிர்சாதனப் பெட்டி, பொம்மைகள், வாத்தியம் வாசிக்கும் தவளைகள், கையசைக்கும் பூனைச் சிலை, தோரி வாயில் (ஜப்பானியக் கோயில் நுழைவாயில்), சுதந்திர தேவி சிலை. பயன்பாடு முடிந்த பொருளும் மதிப்பிழந்த சாமியும் ஒன்றாக ஊருக்குள் நுழைகின்றன. அலுவலக ஆட்கள் சிரித்த முகத்தோடு வரிசையாக மாடியிலிருந்து குதிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் தேட வேண்டாம். இத்தனை மகிழ்ச்சியான இசையோடு வருகிறதே, அதுதான் பயம். இசை சுசுமு ஹிராசாவா. பாடும் குரல்களில் கணினிக் குரலும் உண்டு. நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

‘இன்செப்ஷன்’ இதைப் பார்த்து எடுத்ததா?

அந்த ஹாலிவுட் படம் வந்தது 2010-இல். கனவில் நுழையும் கருவி, நடைபாதை, மாடிக்கு ஒரு நினைவு காட்டும் லிப்ட் என்று ஒற்றுமைகள் கண்ணில் படத்தான் செய்கின்றன. ஆனால் அந்தப் படம் விதிகளை அடுக்கிக்கொண்டு போகும், கோன் அடுக்கியதைக் கலைப்பார். யார் முதலில் என்ற சண்டையைவிட இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது சுகம்.

இப்படி ஒரு கருவி நிஜத்தில் சாத்தியமா சார்?

(அக்கா என்றே கூப்பிடலாம்.) நுழைவதெல்லாம் கதை. கனவை ஓரளவு வாசிக்கும் முயற்சி நடந்திருக்கிறது. கியோட்டோவின் ஏடிஆர் ஆய்வகக் குழு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. 3 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் தூங்கவைத்து, தூக்கம் தொடங்கும் கட்டத்தில் திரும்பத் திரும்ப எழுப்பி, என்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள். அந்தப் பதில்களை மூளைப் பதிவோடு பொருத்தி, கட்டடமா, மனிதரா, எழுத்தா என்ற அளவுக்குக் கணினியால் ஊகிக்க முடிந்தது. வகைதான் தெரியும், காட்சி தெரியாது.

எட்டு வயதுப் பையனோடு பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் (17 வயதுக்கு உட்பட்டோர் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்) பெற்ற படம். அட்சுகோவின் சக ஊழியர் ஒசானாய் வரும் ஒரு காட்சி பெரியவர்களையே உலுக்கும்.

குறையே இல்லையா?

இருக்கிறது. கருவியைக் கண்டுபிடித்த டோகிதாவின் உடல் பருமனை வைத்துச் செய்யும் வேடிக்கை எனக்குப் பிடிக்கவில்லை. அட்சுகோவுக்கு அவர்மீது உள்ள அன்பும் கடைசியில் அவசரமாக வந்துவிடுகிறது. முன்பே இரண்டு காட்சி தந்திருக்கலாம்.

அடுத்து கோனின் எந்தப் படம்? டப்பிங்கா, சப்டைட்டிலா?

ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில். அட்சுகோவுக்கும் பாப்ரிகாவுக்கும் குரல் ஒருவரே, மெகுமி ஹயாஷிபாரா. ஒன்று இறுக்கம், இன்னொன்று துள்ளல். டப்பிங்கில் பார்த்தால் அவருடைய இந்த வித்தை போய்விடும். அடுத்து ‘மில்லேனியம் ஆக்ட்ரஸ்’ (2001). நினைவும் சினிமாவும் கலக்கும் படம், மனத்துக்கு இதமானது. ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ கடுமையானது, அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ (2003) குடும்பக் கதை. அவ்வளவுதான், முழுநீளப் படங்கள் நான்கே. 2010 ஆகஸ்டில் 46 வயதில் கோன் கணையப் புற்றுநோயால் இறந்துவிட்டார். அப்போது அவர் கையில் இருந்த படம் முடியவில்லை.